12 பேர் குழு, கல்யாணப் பலகாரம் செய்து விற்க நினைக்கிறோம்: கூலி, கடன், பதிவு எல்லாம் எப்படி?

சாக்கோட்டை வாசி (கேள்வி)

வணக்கம். எங்கள் மகளிர் சுய உதவிக் குழு சாக்கோட்டை ஒன்றியத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறது. 12 உறுப்பினர்கள். ஆளுக்கு மாதம் 200 ரூபாய் சேமிப்பு, 30 மாதம் முடிந்துவிட்டது. சேமிப்பு 72,000, உறுப்பினர்களுக்குள் கொடுத்த உள்கடன் வட்டியில் சேர்ந்தது 13,000, அரசு தந்த சுழல் நிதி 15,000. முதல் வங்கிக் கடன் 1.5 லட்சத்தை 24 தவணையில் கட்டுகிறோம், இந்த மாதம் கடைசித் தவணை.

அடுத்த கடனை வாங்கித் தேன்குழல், சீப்புச் சீடை, மனகோலம், அதிரசம், மாவுருண்டை செய்து விற்கலாம் என்று பேச்சு. கல்யாண வீடுகள், ஊர்த் திருவிழாவுக்கு வெளியூரிலிருந்து வரும் செட்டியார் வீடுகள், காரைக்குடி கடைகள் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தெரிய வேண்டியது இவை. எவ்வளவு கடன் வாங்கலாம்? கூலியை எப்படிப் பிரிப்பது? உணவுப் பாதுகாப்புப் பதிவு யார் பெயரில்? சோதனைக்குச் செய்த தேன்குழல் 10 நாளில் சிக்கு வாடை அடித்துவிட்டது, காரணம் என்ன? 12 பேரும் சேர்ந்து செய்ய வேண்டும் என்று குழுவை நடத்தும் எங்கள் ஊக்குநர் சொல்கிறார், அது சரி வருமா?

விவரம் தெரிந்த அக்காமார், அண்ணன்மார் சொல்லுங்கள்.

---

பேரேடு

கடனிலிருந்து தொடங்குகிறேன். அதில் தவறினால் மற்றது எதுவும் நிற்காது.

உங்கள் தொகுப்பு நிதி 72,000 + 13,000 + 15,000, ஆக மொத்தம் 1 லட்சம். சுழல் நிதியும் வட்டி வருமானமும் தொகுப்பு நிதியில் சேரும் என்பதை மறந்துவிட்டு, வெறும் சேமிப்பை மட்டும் வங்கியில் சொல்லிவிடாதீர்கள். ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கைப்படி முதல் கடன் தொகுப்பு நிதியின் 6 மடங்கு அல்லது 1.5 லட்சம், இரண்டாவது கடன் 8 மடங்கு அல்லது 3 லட்சம், இரண்டில் எது அதிகமோ அது. அந்தக் கணக்கில் உங்களுக்கு 8 லட்சம் வரை இடம் இருக்கிறது. 10 லட்சம் வரை வங்கி சொத்துப் பிணையம் கேட்கக் கூடாது, குழுவின் சேமிப்புக் கணக்கை முடக்கி வைக்கவும் கூடாது. சேமிப்பில் இவ்வளவு தொகையை எடுக்கக் கூடாது என்று கிளையில் சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.

இடம் இருக்கிறது என்பதற்காக 8 லட்சம் வாங்காதீர்கள். 3 லட்சம் வரைதான் 7 சதவீதச் சலுகை வட்டி, அதற்கு மேல் வட்டி கூடிவிடும். 3 லட்சத்தை 36 மாதத்தில் கட்டினால் மாதத் தவணை சுமார் 9,260 ரூபாய். கூலி போக கிலோவுக்கு 40 ரூபாய் மிஞ்சும் என்று வைத்தால், தவணையை மட்டும் அடைக்க மாதம் 232 கிலோ விற்றாக வேண்டும். புதிதாகத் தொடங்கும் குழு ஆடியிலும் மார்கழியிலும் 232 கிலோ விற்குமா? கல்யாண மாதங்களில் விற்கும், மற்ற மாதங்களில் தவணை சேமிப்பிலிருந்து போகும். அப்படிப் போகத் தொடங்கிய ஆறாவது மாதம் குழுவில் சண்டை வரும்.

அதனால் வங்கிக்குக் கொடுக்கும் சிறுகடன் திட்டத்தில் தலைக்கு எவ்வளவு, எதற்கு என்று பிரித்து எழுதுங்கள். ஒருவர் மாட்டுக்கு, ஒருவர் தையல் மெஷினுக்கு, ஐந்து பேர் பலகாரத்துக்கு என்று இருக்கட்டும். பலகாரத்துக்கு அடுப்பு, கடாய், அச்சு, தராசு, 20 நாள் சரக்கு வாங்கும் பணம், இவ்வளவுதான் முதல் வருஷத் தேவை. கல்யாண வீடு முன்பணம் கொடுத்தாலும் மீதி வர ஒரு மாதம் ஆகும், அதற்கும் சேர்த்து வையுங்கள். கட்டிடத்துக்கும் பெரிய மெஷினுக்கும் இந்தக் கடனைத் தொடாதீர்கள்.

இப்போது ஊக்குநர் சொன்னது. 12 பேரும் சேர வேண்டும் என்பது நல்ல மனசில் சொல்வதுதான். ஆனால் சேமிப்புக் குழு ஒன்று, தொழில் செய்யும் குழு வேறொன்று. சேமிப்பில் 12 பேரும் சமம். தொழிலில் சமம் இல்லை: ஒருவர் நாலு மணிக்கு எழுந்து மாவு பிசைவார், ஒருவர் பேரப்பிள்ளையைப் பார்க்க வேண்டும், ஒருவருக்கு அடுப்புச் சூடு ஒத்துக்கொள்ளாது. எல்லாருக்கும் ஒரே பங்கு என்று தீர்மானம் போட்டால் உழைப்பவர்கள் முதலில் விலகுவார்கள். விருப்பமுள்ள 5 அல்லது 6 பேர் ஒரு தொழில் குழுவாக இருக்கட்டும். மற்றவர்கள் தனித்தனியாகத் தங்கள் கடனை வாங்கிக் கட்டட்டும். தொழில் குழுவுக்கு வேறு வங்கிக் கணக்கு, வேறு ரொக்கப் புத்தகம். குழுவின் தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும்: பலகாரத் தொழிலில் நஷ்டம் வந்தால் அது தொழில் குழுவில் இருப்பவர்களின் பொறுப்பு, பொதுச் சேமிப்பைத் தொடாது.

ஜிபே க்யூஆர் விஷயத்தைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் நிறைய குழுக்கள் உடைவது இங்கேதான். ஊக்குநரின் சொந்த செல்போன் எண்ணுக்கு வாடிக்கையாளர் பணம் போட்டால் மூன்றாவது மாதம் எது குழுப் பணம், எது வீட்டுப் பணம் என்று அவருக்கே தெரியாது. அவர் நேர்மையானவராக இருந்தாலும் இதே கதிதான். தொழில் குழுவின் கணக்கில் க்யூஆர் வாங்கி அட்டையில் ஒட்டிக் கொடுங்கள்.

ஆள் சேர்க்கும்போது இன்னொன்றும் பாருங்கள். தனியார் நிதி நிறுவனங்களின் வாரக் கடனையும் ஊரில் 'குழு லோன்' என்றுதான் சொல்கிறார்கள். அந்த வாரத் தவணை இரண்டு மூன்று இருப்பவரைத் தொழில் பணத்தைக் கையாளும் இடத்தில் வைக்காதீர்கள். அவர்மேல் சந்தேகத்தில் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை தவணைக்கு ஆள் வாசலில் நிற்கும்போது மாவு வாங்க வைத்த பணம்தான் கையில் இருக்கும்.

---

அச்சும் கடாயும்

சிக்கு வாடைக்கு வருகிறேன். 10 நாளில் வருகிறது என்றால் நான்கு காரணத்தில் ஒன்றாக இருக்கும், பெரும்பாலும் இரண்டு சேர்ந்திருக்கும்.

முதல் சந்தேகம் எண்ணெய். நேற்றுச் சுட்ட எண்ணெயில் புது எண்ணெயை ஊற்றி நிரப்பினால் பழையதின் கெடுதல் புதியதையும் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் கெட்டதற்கு அடையாளம் கண்ணுக்குத் தெரியும்: மேலே நுரை அடங்காமல் நிற்கும், கரண்டியில் எடுத்தால் கெட்டியாக வழியும், சூடேறும் முன்பே புகையும். வீட்டுக்குச் சுட்டால் வாரத்துக்குள் தீர்ந்துவிடும், தெரியாது. விற்பனைச் சரக்கு 20 நாள் டப்பாவில் இருக்க வேண்டும், அங்கே காட்டிக்கொடுத்துவிடும். ஒரு நாள் எண்ணெயை அன்றைக்கே முடியுங்கள். கடைசியில் மிஞ்சும் இரண்டு லிட்டரை அடுத்த நாள் விற்பனைச் சரக்குக்கு எடுக்காதீர்கள், அதன் விலையை அன்றைய கணக்கிலேயே எழுதிவிடுங்கள்.

இரண்டாவது, ஆறாமல் அடைப்பது. தேன்குழல் மேலே தொட்டால் ஆறியது போல இருக்கும், சுற்றின் நடுவில் சூடு இருக்கும். அதை அடைத்தால் உறைக்குள் வியர்க்கும், முதலில் நமுத்துப்போகும், பிறகு வாடை வரும். அகலத் தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, உடைத்துப் பார்த்து உள்ளே சூடில்லை என்று தெரிந்த பிறகு அடையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்து வைத்தால் ஈரக் காற்றை இழுக்கும், அப்போது அகலத் தட்டை மெல்லிய துணியால் மூடி ஆறவிட்டு உடனே அடைத்துவிட வேண்டும்.

மூன்றாவது, மாவு. மில்லில் அரைத்த மாவு சூடாக வரும். அப்படியே டின்னில் போட்டு மூடினால் வியர்த்துக் கட்டி தட்டும், மறுநாள் புளித்த வாடை. வந்ததும் வேட்டியில் பரப்பி ஆறவிடுங்கள். உங்களுக்கு முன்னால் மிளகாய் அரைத்திருந்தால் முதல் ஒரு கிலோ வீண். கையோடு ஒரு கிலோ மட்ட அரிசி கொண்டுபோய் முதலில் அதை ஓட்டச் சொல்லுங்கள்.

நான்காவது, சூடு. எண்ணெய் 170 முதல் 180 டிகிரி இருக்க வேண்டும். குறைந்தால் எண்ணெயைக் குடிக்கும். கூடினால் மேலே சிவந்து உள்ளே ஈரம் நின்றுவிடும், மறுநாள் மெத்தென்று ஆகும். சமையல் வெப்பமானி ஒன்று வாங்கி வையுங்கள், ஆள் மாறினாலும் பக்குவம் மாறாது. அது கையில் இல்லாத நாளில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பிழிந்து விட்டதும் கடாய் முழுக்கச் சலசலப்பு. குமிழி பெரிதாக வந்து, பிறகு சிறுத்து, ஓரத்தில் மட்டும் நின்று, கடைசியில் சத்தமே அடங்கும். சத்தம் அடங்கினால் உள்ளே ஈரம் போய்விட்டது என்று அர்த்தம். நிறத்தைப் பார்த்து எடுக்கிறவர்கள் சத்தம் அடங்கும் முன்பே எடுத்துவிடுகிறார்கள். பாதிக் குறை அங்கேதான்.

அளவு: பச்சரிசி 4 பங்கு, உளுந்து 1 பங்கு. உளுந்தை நிறம் மாறாமல், வாசம் வரும்வரை மட்டும் வறுக்க வேண்டும். உளுந்து குறைந்தால் கடக்கென்று கல் போல வரும், கூடினால் எண்ணெய் குடித்துப் பொலபொலவென்று உதிரும், கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேரும்போது பாதி தூளாக இருக்கும். ஒரு கிலோ மாவுக்கு 50 கிராம் வெண்ணெய் போதும். உப்பைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டிச் சேருங்கள். நம் பக்கத்தில் பல போர் தண்ணீர் உப்புக் கரிக்கும், மாவுக்குக் குடிதண்ணீரை மட்டும் எடுங்கள், இல்லாவிட்டால் உப்பு ஒவ்வொரு தடவையும் மாறும். மொத்த மாவையும் ஒரே தடவையில் பிசைய வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்த மாவு சிவந்து வரும்.

சீப்புச் சீடையில் தேங்காய்ப் பால் சேருவதால் சீக்கிரம் காறும். அதற்கு அன்றன்று பிழிந்த பால்தான், ஓரங்களை அழுத்தி ஒட்ட வேண்டும். மனகோலத்துக்குப் பாகு கெட்டி உருட்டுப் பதம்: தண்ணீரில் விட்ட துளியை உருட்டித் தட்டில் போட்டால் 'டங்' என்று கேட்க வேண்டும். இளம்பாகில் கிளறினால் இரண்டாம் நாள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாக நிற்கும். அதிரசத்துக்கு நேர்மாறு. அங்கே பாகு முற்றினால் கல், இளகினால் எண்ணெயில் பிரிந்து போகும், அரிசியும் ஈரம் காயும் முன்பே இடிபட வேண்டும். புதுக் குழு முதல் மூன்று மாதம் அதிரசத்தை விற்பனைக்கு எடுக்காமல் இருப்பது நல்லது. தேன்குழல், மாவுருண்டை இரண்டில் கை பழகட்டும்.

எத்தனை நாள் தாங்கும் என்று யாரிடமும் கேட்காதீர்கள், நீங்களே பாருங்கள். ஒரு ஈட்டில் 6 பொட்டலம் எடுத்து வையுங்கள். 5 நாளுக்கு ஒன்று பிரித்து மூன்று பேர் தின்று பார்த்து எழுதுங்கள். 25ஆம் நாள் பொட்டலம் கெட்டு, 20ஆம் நாளுடையது நன்றாக இருந்தால் உறையில் 15 நாள் என்று போடுங்கள்.

---

முத்திரை

பதிவு பற்றி. உங்களைப் போன்ற சிறு தொழிலுக்கு அடிப்படைப் பதிவு போதும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபோஸ்கோஸ் இணையதளத்தில் படிவம் 'ஏ'. குழுவின் பெயரில் எடுங்கள்: குழுத் தீர்மான நகல், விண்ணப்பிப்பவரின் அடையாள அட்டை, புகைப்படம், இடத்துக்கான சான்று. 14 இலக்க எண் வரும், அதை உறையில் போட வேண்டும்.

பலரும் கவனிக்காத ஒன்று: பதிவு ஒரு விலாசத்துக்குத்தான். நாலு வீட்டில் நாலு கடாய் வைத்துச் சுட்டு ஒரே எண்ணைப் போட்டால் அந்த எண் மூன்று வீட்டுக்குச் செல்லாது. ஒரே இடத்தில் செய்யுங்கள். வீட்டுச் சமையல் சிலிண்டரையும் இதற்கு எடுக்கக் கூடாது, 19 கிலோ வணிகச் சிலிண்டர்தான்.

உறையில் பொருளின் பெயர், சேர்மானம், நிகர எடை, ஈட்டு எண், செய்த தேதி, எத்தனை நாளுக்குள் தின்ன வேண்டும், அதிகபட்ச விலை, பச்சைப் புள்ளி, பதிவு எண், முழு விலாசம், புகாருக்கு ஒரு போன் எண். நிகர எடை என்றால் உறையை நீக்கிய எடை. தராசுக்குத் தொழிலாளர் துறையின் முத்திரை வேண்டும், எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம்.

சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவும் எடுத்து வையுங்கள், கட்டணம் இல்லை. பிரதமரின் குறு உணவு பதப்படுத்தும் தொழில்கள் திட்டத்தில் உணவுத் தொழில் செய்யும் குழு உறுப்பினருக்குத் தலா 40,000 ரூபாய் வரை விதை மூலதனம் கொடுத்தார்கள், அது மகளிர் குழுக்களின் கூட்டமைப்பு வழியாகக் கடனாக வந்தது; திட்டம் இப்போதும் நடப்பில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய இயந்திரம் வாங்க அதே திட்டத்தில் 35 சதவீத மானியமும் இருந்தது, 10 லட்சம் வரை. ஆனால் அது வங்கிக் கடனோடு இணைந்தது. மானியம் கையில் வருமென்று நம்பி முதலில் இயந்திரத்தை வாங்கிவிடாதீர்கள்.

---

சாக்கோட்டை வாசி

ரொம்ப நன்றி. எண்ணெய்தான் எங்கள் தப்பு, மூன்று நாள் ஒரே எண்ணெயை நிரப்பி நிரப்பிச் சுட்டோம்.

விலை விஷயத்தில் ஒரு குழப்பம். நாங்கள் போட்ட கணக்கில் தேன்குழல் கிலோவுக்கு 154 ரூபாய் செலவு வருகிறது. 220க்கு விற்றால் 66 ரூபாய் லாபம். கடைக்காரர் ஒருவர் 220க்கு மேல் எடுக்க மாட்டேன் என்கிறார். ஒத்துக்கொள்ளலாமா?

---

பேரேடு

ஒத்துக்கொள்ளாதீர்கள். 154 என்பது சாமான் விலை மட்டும். 20 கிலோவுக்கு முழுக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். விலைகள் கணக்குக்காக வைத்தவை, உங்கள் கடை விலையை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

பச்சரிசி 13.2 கிலோ, 50 ரூபாய் வீதம் 660
உளுந்து 3.3 கிலோ, 140 ரூபாய் வீதம் 462
எண்ணெய் 8 லிட்டர், 150 ரூபாய் வீதம் 1,200 (இழுப்பது 6 லிட்டர், கழிப்பது 2)
வெண்ணெய் 800 கிராம் 440
சீரகம், எள், பெருங்காயம், உப்பு 150
மில் கூலி 165
இதுவரை 3,077. கிலோவுக்கு 154. நீங்கள் இங்கே நிறுத்திவிட்டீர்கள்.

எரிவாயு 400
4 பேர் ஒரு நாள் கூலி, 400 வீதம் 1,600
உறை, ஒட்டுத்தாள் 300
வண்டி 200
அச்சு, கடாய் தேய்மானம் 200
மொத்தம் 5,777.

இதில் ஒரு கிலோ உடைசலாகப் போகும், விற்கத் தக்கது 19 கிலோ. 5,777ஐ 19ஆல் வகுத்தால் 304. லாபமே இல்லாத விலை இது.

220க்குக் கொடுத்தால் என்ன ஆகும்? ஒன்றுகூட உடையவில்லை என்றே வைப்போம். 20 கிலோ 4,400 ரூபாய். சாமான், எரிவாயு, உறை, வண்டி என்று கையிலிருந்து போனது 3,977. மிச்சம் 423. நாலு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 105 ரூபாய் சொச்சம், காலை ஐந்து மணியிலிருந்து அடுப்படியில் நின்றதற்கு. நூறு நாள் வேலைக்குப் போனால் இதைவிடக் கூட. இதை லாபம் என்று எழுதி வைப்பதுதான் நம் பெண்களின் உழைப்புக்கு நாமே செய்யும் அநியாயம். கூலியை முதலில் எழுதுங்கள், லாபம் பிறகு.

அந்தக் கடைக்காரருக்கு வேறு பொருள் கொடுங்கள், அல்லது 304க்கு மேல் விலை சொல்லி விட்டுவிடுங்கள். கல்யாண வீடுகள் விலைக்கு அவ்வளவு யோசிப்பதில்லை, உடையாமல் வர வேண்டும், சொன்ன நாளில் வர வேண்டும், அதைத்தான் பார்ப்பார்கள். அங்கே 350 கேட்கலாம். பாதித் தொகை முன்பணமாக வாங்கிய பிறகே அரிசி ஊற வையுங்கள். கடைகளுக்குச் சரக்கு வைத்துவிட்டு விற்ற பின் பணம் என்பது புதுக் குழுவுக்கு ஆகாது.

கூலிப் பதிவுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, பெயர், வந்த நேரம், போன நேரம், செய்த வேலை, கையெழுத்து. பிழிகிறவருக்கும் அடுப்பு பார்க்கிறவருக்கும் 450, பொட்டலம் போடுகிறவருக்கு 350 என்று வேலைக்குத் தக்கபடி வைக்கலாம், ஆனால் அதைத் தீர்மானத்தில் முதலிலேயே எழுதிவிடுங்கள். இடம் கொடுப்பவருக்குத் தனியாக நாள் வாடகை. இல்லாவிட்டால் அவருடைய வீட்டு மின்சாரமும் தண்ணீரும் கணக்கில் வராமல் மனத்தில் கிடக்கும். கூலி வாராவாரம். லாபம் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. பாதியை சரக்கு வாங்கும் பணத்தோடு சேர்த்து, கொஞ்சம் பாத்திரத்துக்கு ஒதுக்கி, மீதியை வேலை செய்த நாட்களின் விகிதத்தில் பிரியுங்கள். தலைக்கணக்கில் பிரிக்காதீர்கள்.

---

குருத்தோலை

ஒரு சின்ன யோசனை. கல்யாணப் பலகாரத்தைப் பிளாஸ்டிக் டப்பாவில் கொடுப்பதைவிடப் பனையோலையில் பின்னிய கொட்டானில் வைத்துக் கொடுங்கள். செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, அந்த வீடுகளில் சீருக்குக் கொட்டான் எடுப்பது பழைய வழக்கம். கொட்டான் பின்னும் குழு உங்கள் பக்கத்தில் இருந்தால் அவர்களிடமே வாங்குங்கள், இரண்டு குழுவுக்கும் பிழைப்பு.

செய்யும் வேலை பொறுமைக்கானது. பனங்குருத்தோலையை வெயிலில் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் கிழித்து, கொதிக்கும் சாயத்தில் போட்டு எடுத்து நிழலில் உலர்த்த வேண்டும். பின்னும்போது ஓலை லேசாக ஈரமாக இருக்க வேண்டும், காய்ந்திருந்தால் மடிப்பில் வெடிக்கும். பின்னி முடித்த பிறகு அந்த ஈரம் முழுக்கப் போகாமல் அடுக்கினால் பூஞ்சைதான், மழைக்காலத்தில் இரண்டே நாளில் கறுப்புப் புள்ளி விழும்.

கவனம்: சாயம் போட்ட ஓலையில் பலகாரம் நேராகப் படக் கூடாது. பொட்டலமாகக் கட்டி உள்ளே வையுங்கள், அல்லது சாயம் போடாத ஓலையில் உள்கொட்டான் கேளுங்கள். இருநூறு கொட்டான் வேண்டுமென்றால் கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பே சொல்லிவிட வேண்டும். கைவேலை, ராத்திரியோடு ராத்திரியாக வராது.

---

ஊராட்சி மன்றம்

இடத்துக்கு ஒரு வழி. நிறைய ஊராட்சிகளில் மகளிர் குழுக் கட்டிடம் பூட்டிக் கிடக்கிறது அல்லது ரேஷன் சாக்கு அடுக்கிக் கிடக்கிறது. அதைக் கேளுங்கள். வாய்ச் சொல்லாகக் கேட்டால் தலைவர் மாறும்போது வெளியே வரச் சொல்வார்கள். முறையாகக் கேட்க வேண்டும்.

முதலில் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் தீர்மானம் போடுங்கள். தனி ஒரு குழுவின் மனுவைவிடக் கூட்டமைப்பின் தீர்மானத்துக்கு எடை அதிகம். அதன் நகலோடு கிராம சபையில் வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாள் இருக்கிறது. மனுவைக் கூட்டத்துக்கு முன்பே ஊராட்சிச் செயலரிடம் கொடுத்துப் பொருள் நிரலில் ஏற்றச் சொல்லுங்கள், கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னால் மட்டும் பதிவேட்டில் ஏறாது. எழுதிய பிறகு அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டச் சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள். தீர்மான நகலைக் கேட்டு வாங்குங்கள். அதுவே உணவுப் பதிவுக்கு இடச் சான்றாகவும் உதவும்.

கட்டிடம் இல்லாத ஊர் என்றால், கூட்டமைப்பு ஆண்டுதோறும் தயாரிக்கும் கிராம வறுமைக் குறைப்புத் திட்டத்தில் எழுதுங்கள். அது கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தோடு சேரும். அதில் 'தொழில் கூடம் வேண்டும்' என்று ஒற்றை வரி எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எத்தனை பெண்கள், என்ன பொருள், எத்தனை சதுர அடி, தண்ணீர்க் குழாய், கழிவுநீர் போகும் வழி, புகைபோக்கி, எந்தப் புறம்போக்கு நிலம், சர்வே எண் என்ன, இத்தனையும் இருந்தால் ஒன்றியத்தில் மதிப்பீடு போடுகிறவருக்கு வேலை எளிது. கழிவுநீரை மறக்காதீர்கள். மாவு கழுவிய தண்ணீரையும் எண்ணெய்ப் பிசுக்கையும் தெருவிலோ ஊருணி வரத்துக்காலிலோ விட்டால் ஊரே எதிர்க்கும், எதிர்ப்பதும் நியாயம்.

விற்பனைக்கு, மகளிர் குழுப் பொருட்களுக்கான மதி அங்காடி, சரஸ் கண்காட்சி எல்லாம் உண்டு. கண்காட்சிக்கு முதல் வருஷம் பெரிய சரக்கோடு போகாதீர்கள். கடை இலவசம்தான், ஆனால் இரண்டு பேர் பத்து நாள் அங்கே இருந்தால் அவர்கள் கூலியும் சாப்பாடும் யார் தருவது என்று முன்பே எழுதுங்கள். விற்காமல் திரும்பி வரும் தேன்குழல் பெரும்பாலும் தூளாகத்தான் வரும். மாவுருண்டை பயணம் தாங்கும், அதைக் கொண்டுபோங்கள்.

---

சாக்கோட்டை வாசி

எல்லாருக்கும் நன்றி. திங்கட்கிழமைக் கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டப் போகிறேன். ஐந்து பேர் தொழில் குழு, தனிக் கணக்கு, 3 லட்சத்துக்குள் கடன் என்று பேசலாம் என்று இருக்கிறோம். கடைசியாக ஒன்று: ஐந்து பேரில் ஒருவர் பாதியில் விலகினால் அவர் பங்குப் பாத்திரத்துக்கு எப்படிக் கணக்குப் பார்ப்பது?

---

பேரேடு

தொடங்கும்போதே எழுதிவிடுங்கள். பாத்திரம் வாங்கிய விலையில் ஆண்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு கழியும் என்று வையுங்கள். 30,000 ரூபாய்க்கு வாங்கியிருந்து ஒருவர் இரண்டு வருஷத்தில் விலகினால் மீதி மதிப்பு 18,000, ஐந்தில் ஒரு பங்கு 3,600. அதை ஒரே தடவையில் கேட்கக் கூடாது, ஆறு மாதத்தில் கொடுக்கலாம் என்றும் எழுதுங்கள். அவர் பெயரில் உள்ள கடன் பாக்கி முதலில் கழியும். விலகுவதற்கு ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும், கல்யாண ஆர்டர் கையில் இருக்கும்போது அதை முடித்துவிட்டுத்தான் போக வேண்டும். ஐந்து பேரும் அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு ஒரு நகல் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.